புல்லிக்குப் பின்னால் ஒன்றரை மில்லி

கிளச்சை மிதித்தால் சத்தம் நின்றது, காலை எடுத்தால் வந்தது. வசந்தாமணி மறுபடி மிதித்தாள், நின்றது. எடுத்தாள், ஜிர்ர் ஜிர்ரென்று, அடிப்பிடித்த பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி இஞ்சினின் மூக்குப் பக்கமிருந்து வந்தது. ஒரு மெக்கானிக்குக்கு இதை இரண்டு தரம் கேட்டால் போதும். அவள் ஏழாவது தரமாக மிதித்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் இந்த சீட்டில் உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் இதே சீட்டில் அவர் உட்காருவார், இதே ஸ்டியரிங்கைப் பிடிப்பார், மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறிக் குன்னூருக்குப் போய்விடுவார். அவர் என்றால் அருணகிரி, சர்வே ஆபீசில் நிலப்படம் வரைகிறவர், ஐம்பத்தொரு வயது, மனைவி இறந்து ஒன்பது வருஷம், ஒரே மகளைச் சேலத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு இந்தப் பழைய அம்பாசிடரோடு தனியாக இருக்கிறவர். இஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்டித் தரச்சொல்லி ஐந்து மாதத்துக்கு முன்னால் கணபதி பகுதியில் இருக்கும் அவள் ஒர்க்ஷாப்புக்கு இந்த வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். இப்போது குன்னூருக்கு மாற்றல். நாலரை மணிக்கு வருவார், வண்டியைப் பார்க்க, கடைசித் தடவையாக. இப்போது மூன்று பத்து. நேற்று முதன்முதலாக ஸ்டார்ட் செய்தபோது இஞ்சினை வேகமாகவே ஓடவிட்டதால் இந்த உரசல் காதில் விழவில்லை, அவர் கைதட்டிவிட்டு ஆபீசுக்குப் போனார், இன்று மதியம் நிதானமாக ஓடவிட்டதும் காட்டிக்கொடுத்துவிட்டது. சத்தத்தைக் கேட்டதும் ஒரு மெக்கானிக்குக்குப் பதற்றம் வர வேண்டும். வசந்தாமணிக்கு வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வண்டி ரெடியாகவில்லை, திங்கட்கிழமை போகமுடியாது, என்று முதலில் மனசு துள்ளியது, அப்புறம்தான் ஐயோ என்ன கோளாறோ என்று தொழில் புத்தி நொண்டிக்கொண்டு பின்னால் வந்தது.

"கிளச்சு மிதிச்சா நிக்குதா மணி?" என்று பழனியண்ணன் பெஞ்சிலிருந்து கேட்டார். அவளோடு பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறவர், இன்னொரு வண்டியின் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். "நிக்குதுங்கண்ணா." "அப்பறம் என்ன, திரஸ்ட் வாஷர் போயிருச்சு. கிராங்க் முன்னயும் பின்னயும் ஓடுது. எறக்க வேண்டியதுதான்." அவ்வளவுதான், தலையைக் குனிந்து மறுபடி கழுவ ஆரம்பித்துவிட்டார், ஒரு பொய்யைத் தயார் செய்து அவள் கையில் கொடுத்துவிட்டோம் என்று அந்த நல்ல மனுஷனுக்குத் தெரியாது. இறக்க வேண்டியதுதான். இஞ்சினை இறக்கினால், வாஷர் வாங்கி, பிரித்து, மறுபடி கட்டி, சாதாரணமாக மூன்று வாரம், அவள் மனசு வைத்தால் நான்கு. நான்கு சனிக்கிழமை. அவர் இத்தனை சனிக்கிழமையும் வந்த மாதிரியே, இனி குன்னூரிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்து என்ன ஆச்சுங்க என்று கேட்பார், கவிழ்த்துப் போட்ட டயர் மேல் உட்காருவார், பொட்டலத்தை நடுவில் பிரித்து வைப்பார், வறுகடலையோ தேன்மிட்டாயோ, ஒரு தடவை நாவல்பழம், அன்றைக்கு இரண்டு பேர் நாக்கும் ஊதாவாகி, பழனியண்ணன் பார்த்துச் சிரித்து, அவள் வாயை மூடிக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினாள். கேள்வி கேட்கிற மனுஷன். வால்வு ஏன் திறக்கிறது, பிஸ்டன் ரிங்கில் ஏன் இடைவெளி விடுகிறீர்கள், சூடானால் எவ்வளவு விரியும் என்று கேட்பார், பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் அதிலிருந்து இன்னொரு கேள்வியோடு வருவார். ஊரெல்லாம் அவளை மணி என்னும், மணியக்கா என்னும். அவர் ஒருத்தர்தான் வசந்தாமணிங்க என்று பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிடுகிறவர். நாற்பத்தாறு வருஷமாக வைத்திருக்கிற பெயர், அதில் வசந்தா என்று ஒரு பாதி இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

சரி, இறக்குவதானாலும் அளந்து பார்த்துவிட்டு இறக்க வேண்டும், பொய் சொல்வதற்குக்கூட நிஜம் தெரிந்திருக்க வேண்டும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு இறங்கினாள். இஞ்சினை நிறுத்தினாள். முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிஷம் ஓடவிட்டாள், சத்தம் இருந்தது, அப்படியானால் டைனமோவும் இல்லை, வாட்டர் பம்பும் இல்லை, கிராங்க் புல்லியேதான். கிராங்க் என்பது இஞ்சினின் முதுகுத்தண்டு, கிளச்சை மிதித்தால் அது மயிரிழை முன்னால் நகரும், விட்டால் பின்னால் போகும், அதன் மூக்கில் பெல்ட் ஓடுவதற்காக மாட்டியிருக்கிற புல்லியும் கூடவே போகும், பின்னால் போகும்போது அதற்குப் பின்னாலிருக்கிற மூடியான டைமிங் கவரில் உரசுகிறது. தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். கவரின் புதுப் பெயிண்டில் வெள்ளியாக ஒரு வட்டம் தேய்ந்திருந்தது. இடைவெளி அளக்கிற பீலர் கேஜில் இருக்கிற மெல்லிய தகட்டைப் புல்லிக்கும் கவருக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தாள், நுழையவில்லை. அவள் நகத்தில் கறுப்பு இருந்தது. என்றைக்கு இல்லாமல் இருந்தது? ஐ.டி.ஐ.யில் நாற்பது பையன்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக டீசல் மெக்கானிக் படித்த நாளிலிருந்து அந்தக் கறுப்பு இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காப்பித் தம்ளரைப் பிடித்திருந்த விரலைப் பார்த்தார்கள். நாலு இடம் வந்தது, நாலு பேரும் காப்பியைக் குடித்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள், இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அவளுக்கும் அப்போது அது பெரிய நஷ்டமாகத் தோன்றவில்லை, நிஜமாகவே தோன்றவில்லை, வேலை இருந்தது, அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறை இருந்தது, சனிக்கிழமை என்பது வெள்ளிக்கு அடுத்த நாளாக மட்டும் இருந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் வரைக்கும். இப்போது சனிக்கிழமை புதன்கிழமையே ஆரம்பித்துவிடுகிறது. வியாழக்கிழமை மண்ணெண்ணெயில் கை கழுவி, சோப்புப் போட்டு, எலுமிச்சைத் தோலால் நகத்தைத் தேய்க்கிறாள். ஆசை வெட்கமறியாது என்று யாரோ அனுபவித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். அண்ணிக்குத் தெரிந்தால் சிரிப்பாள். தெருவே சிரிக்கும், முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கிற வயசில் இவளுக்கு வந்த யோகத்தைப் பார் என்று.

நகர்வை அளக்கிற டயல் கேஜைப் பொருத்தி அதன் முனையைப் புல்லியின் முகத்தில் வைத்தாள். கடப்பாரைக் குட்டியால் கிராங்கை முன்னால் நெம்பினாள், பின்னால் நெம்பினாள். முள் நகர்ந்து நின்றது. நாலு தௌ. இன்ச்சில் ஆயிரத்தில் நாலு பங்கு, தலைமுடியில் ஒன்றரை மடங்கு கூட இருக்காது. மறுபடி நெம்பினாள், நாலு. இன்னொரு தரம், நாலேதான். எட்டு வரைக்கும் ஓடலாம், தப்பில்லை. கிராங்கை ஓடாமல் பிடித்து நிறுத்துகிற திரஸ்ட் வாஷர் கல்லு மாதிரி இருக்கிறது, அவளே போட்டது, ஏன் இருக்காது? அவளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது, தன் வேலை சரியாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துபோன ஒரே மெக்கானிக் அவளாகத்தான் இருப்பாள். பழனியண்ணன் சொன்ன கோளாறு இல்லை, இறக்க வேண்டியதில்லை, நான்கு சனிக்கிழமை போயிற்று. சொல்லாவிட்டால்? கேஜைப் பார்த்தது அவள் ஒருத்திதான். இருக்கட்டும், அதற்கப்புறம் யோசிக்கலாம். கிராங்க் ஓடவில்லை என்றால் புல்லியே பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் பம்ப் புல்லிக்கும் கிராங்க் புல்லிக்கும் குறுக்கே வைத்தாள். மேலே ஒட்டிக்கொண்டு நின்றது, கீழே வெளிச்சம் தெரிந்தது. ஒன்றரை மில்லி உள்ளே. ஒன்றரை மில்லி எங்கே போயிற்று? ஒன்றரை மில்லி கனத்தில் ஏதோ ஒன்று அந்த மூக்கில் இருந்திருக்க வேண்டும், இல்லை. சுவரைப் பார்த்தாள். சுவரில் அவர் வரைந்த படம் ஒட்டியிருந்தது. மூன்றாவது சனிக்கிழமை மேனுவலை இரவல் வாங்கிக்கொண்டு போய், அடுத்த வாரம் டிரேசிங் தாளில் முழு இஞ்சினையும் குறுக்காக வெட்டினாற்போல வரைந்துகொண்டு வந்தார், ஒவ்வொரு சாமானுக்கும் கோடு இழுத்து முத்து முத்தாகப் பெயர் எழுதி. ஊர் நிலத்தையெல்லாம் அளந்து கோடு போட்ட கை. நாலு வேலியைப் பார்த்துச் சண்டையைத் தீர்க்கிற கோடு போட்டுப் பழகினவர், இவள் சுவரில் ஒட்டுவதற்காக ஒரு வாரம் கண் விழித்துக் கோடு போட்டிருக்கிறார், ஏன்? யாராவது ஏன் அப்படிச் செய்வார்கள்? வண்டி மேல் ஆசை, அவ்வளவுதான், ஆம்பிளைகளுக்கு வண்டி மேல் ஆசை வருவது ஒன்றும் அதிசயமில்லை, இதில் போய் நீ எதையாவது படித்துத் தொலைக்காதே. விரலை வைத்துக் கிராங்க் வழியாக முன்னால் வந்தாள். பல் சக்கரம், செயின், கவர், புல்லி. சக்கரத்துக்கும் புல்லிக்கும் நடுவில், நறுக்கிய நகம் மாதிரி மெல்லியதாக, குழிவாக ஒன்றை வரைந்து, ஆயில் த்ரோவர் என்று எழுதியிருந்தார். எண்ணெய் வெளியே கசியாமல் வாரி அடிக்கிற தட்டு. குழிவான தட்டு. நடுவில் ஓட்டை. வசந்தாமணி திரும்பி, மெதுவாக, சாமி படத்துப் பலகையைப் பார்த்தாள்.

அங்கேதான் இருந்தது. ஓட்டை மேல் வெற்றிலை காய்ந்து சுருண்டு, கற்பூரம் எரிந்த கரியோடு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும். இந்த ஒர்க்ஷாப்பில் ஒரு பழக்கம் உண்டு, இஞ்சினை மூடுவதற்கு முன்னால் கற்பூரம் காட்டுவது. மூடின பிறகு காட்டினால் சாமிக்கு வெளித்தகரம் மட்டும்தானே தெரியும், உள்ளே பார்த்தால்தானே காப்பாற்றும் என்பது அவள் வாதம். நேற்று வெள்ளிக்கிழமை காலை டைமிங் செயின் கடையிலிருந்து தாமதமாகத்தான் வந்தது, பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் மூடி, ரேடியேட்டர் மாட்டி, ஸ்டார்ட் பண்ணியாக வேண்டும். செயினை மாட்டினாள். அவர் ஆபீசில் பர்மிஷன் சொல்லிவிட்டு, தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். கற்பூரத் தட்டைக் காணவில்லை. பழனியண்ணன் தேடினார், அவர் தேடினார், நேரம் ஓடியது, அவள் கழுவி வைத்திருந்த சாமான்களில் கைக்கு வந்த குழிவான ஒன்றை எடுத்து, ஓட்டை மேல் வெற்றிலையைப் போட்டு, அதன் மேல் கற்பூரத்தை வைத்து, நீங்களே காட்டுங்க, உங்க வண்டிதானுங்களே, என்று நீட்டினாள். நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். செயினுக்கும் சக்கரத்துக்கும் முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினார், அப்புறம் அவள் பக்கம் திருப்பி நீட்டினார், அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தாள். நேராக, பக்கத்தில், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாத ஒரு காரணத்தோடு. அதற்கப்புறம் கவரை எடுத்தது, போல்ட்டை முறுக்கியது, புல்லியைத் தட்டி ஏற்றியது எதுவும் அவள் இல்லை, அவள் கை. கை பழக்கத்தில் செய்தது. தட்டு பலகையில் சாமிக்கு முன்னால் பக்தியோடு உட்கார்ந்திருந்தது. இருபத்துநாலு வருஷத்தில் ஒரு நட்டை விட்டதில்லை. விட்டதும் விட்டாள், இப்படியா?

தட்டை எடுத்து முந்தானையால் கரியைத் துடைத்தாள். ரேடியேட்டரை எடுத்து, புல்லியை இழுத்து, கவரைத் திறந்து, இதைப் போட்டு மூடினால் தீர்ந்தது, ஏழரை மணிக்குள் முடிந்துவிடும். அல்லது இதை டிராயரில் போட்டு மூடினாலும் தீர்ந்தது. பழனியண்ணன் வாயாலேயே வாஷர் என்று வந்தாயிற்று, சாட்சி இருக்கிறது, அருணகிரி சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை குறுக்கே கேட்கமாட்டார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க என்பார். அப்படிச் சொல்லுவார் என்பதுதான் கஷ்டம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், அதிலும் ஒரே ஒரு சனிக்கிழமைதான் வருகிறது, அதுவும் அவளோ கெட்டிக்காரி இல்லை. அந்த ஒரு சனிக்கிழமை வந்து அவர் டயரில் உட்கார்ந்து, பிரித்த இஞ்சினைப் பார்த்து, எந்த வாஷருங்க, எவ்வளவு தேய்ஞ்சிருக்குது, காட்டுங்க என்று கேட்பார், கேட்காமல் இருக்கிற ஆள் இல்லை, தேயாத வாஷரை எடுத்து எப்படிக் காட்டுவாள்? அவர் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாதபடி செய்துகொள்வதா? ஆனால் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை போய்விடுவார். போனால் எதற்கு வருவார்? மலையில் மெக்கானிக் இல்லையா? தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன், அப்புறம் மகள் வீட்டு விசேஷத்துக்கு ஒரு பத்திரிகை, அப்புறம் எதுவுமில்லை, புதன்கிழமை மறுபடி புதன்கிழமையாகிவிடும். அதைத்தான் அவளால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை. அவர் வேண்டும் என்றுகூட இல்லை, அவ்வளவு பெரிய வார்த்தையெல்லாம் அவளுக்கு வராது, டயர் மேல் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும், பொட்டலம் பிரிகிற சத்தம் கேட்க வேண்டும், முழுப் பெயரையும் சொல்லி யாராவது கூப்பிட வேண்டும். பொய், அவர்தான் வேண்டும். தட்டு கையில் இருந்தது. டிராயரைத் திறந்தாள். சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது.

"வசந்தாமணிங்க," என்றார் அருணகிரி. கையில் பொட்டலம் இருந்தது. "நல்லா ஓடுதுங்களா?"

"சத்தம் வருதுங்க."

"அய்யோ. என்னங்க ஆச்சு?"

"கிளச்சு மிதிச்சா நிக்குது சார்," என்று பழனியண்ணன் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தார், "அது வந்து..."

"அண்ணா, டீ சொல்லிட்டு வந்துருங்க," என்றாள். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. பழனியண்ணன் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அவள் தட்டை நீட்டினாள். அருணகிரி வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"நேத்து நான் கற்பூரம் காட்டுனதுங்களே இது?"

"ஆமாங்க. இது உள்ள இருக்கோணும். போடாம மூடிட்டேன். எந் தப்புங்க. அதான் புல்லி ஒன்றரை மில்லி பின்னால போயி உரசுது. மூணு மணி நேர வேலைதான். இன்னிக்கே முடிச்சறலாம். திங்கக்கெழமை நீங்க தாராளமாப் போலாம்."

"அப்பாடா," என்றார் அவர். "நான் பயந்தே போயிட்டேன்." அந்த அப்பாடா அவளை எங்கேயோ தைத்தது. முடிந்தது, நிம்மதியாகப் போகப்போகிறார், இவ்வளவுதான், நீ கட்டின கோட்டைக்கெல்லாம் ஒரு அப்பாடா. அந்த வலியில்தான் அவள் வாய் திறந்துகொண்டது, யோசித்திருந்தால் திறந்திருக்காது.

"இஞ்சின எறக்கோணும், நாலு வாரம் ஆகும்னு பொய் சொல்லலாம்னு இருந்தனுங்க."

அவர் நிமிர்ந்தார். "ஏனுங்க?"

"நீங்க சனிக்கெழமை சனிக்கெழமை வருவீங்கன்னுதானுங்க." சொல்லிவிட்டாள். வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், அதன் விளிம்பில் கட்டை விரலை ஓட்டினார், மிச்சமிருந்த கரி விரலில் ஒட்டியது, அதைத் துடைக்கவில்லை. சிரிக்கப்போகிறார் என்று நினைத்தாள். சிரித்தால் சிரிக்கட்டும், இனி என்ன.

"குன்னூருல இருந்து இங்க ரெண்டரை மணி நேரமுங்க," என்றார் அருணகிரி, படத்தில் தூரம் அளந்து சொல்கிறவர் மாதிரி, மெதுவாக. "வளைவு சாஸ்தி. பிரேக்கு, இஞ்சின் எல்லாஞ் சுத்தமா இருக்கோணும். வண்டி நல்லா இருந்தாத்தானுங்களே நான் சனிக்கெழமை சனிக்கெழமை எறங்கி வர முடியும்? மாத்தல் வந்ததுல இருந்து அதுக்குத்தானுங்க காத்துட்டு இருக்கறேன்."

பொட்டலத்தை டயர் மேல் வைத்தார். வெள்ளைச் சட்டையின் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு இஞ்சின் பக்கம் வந்து நின்றார். "மொதல்ல எதைங்க கழட்டோணும்?" என்று கேட்டார். இருபத்துநாலு வருஷமாக இதே வேலையைச் செய்கிற வசந்தாமணிக்கு அது சட்டென்று ஞாபகம் வரவில்லை.